கல் அங்கே, காகிதம் இங்கே: சோழமண்டலக் கரையின் பழைய கல்லறைகளைப் பார்க்கப் போவோருக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் நம்மவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். குலதெய்வம் கோயில், ஒரு கல்யாணம், தி.நகரில் துணி எடுப்பது, பல் டாக்டர், நேரம் மிஞ்சினால் மாமல்லபுரம். அதில் ஒரே ஒரு நாளைப் பழைய கல்லறைகளுக்கு ஒதுக்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். நெதர்லாந்து, டென்மார்க், ஜெர்மனி என்று ஐரோப்பாவில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அவசியம் ஒதுக்க வேண்டும். காரணம் இருக்கிறது.

பழவேற்காட்டில் ஒரு ஜனவரி மாதக் காலை. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. நெதர்லாந்தில் பிறந்தவள். ஊருக்கு வந்தால் அவள் எப்போதும் ஒரு படி கீழேதான் இருப்பாள். தமிழை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படிப்பாள், சித்தப்பா பிள்ளைகள் வேகமாகப் பேசினால் பாதி புரியாது. அன்று கல்லறைத் தோட்டத்தில் பெரிய கருங்கல் பலகை ஒன்றின் அருகே குனிந்து உட்கார்ந்தவள், விரலால் எழுத்தைத் தொடராமல் கண்ணாலேயே படித்தாள். "ஹியர் லெய்ட் பெக்ராவன்... அப்பா, இங்கே அடக்கம் பண்ணியிருக்காங்கன்னு போட்டிருக்கு." எழுத்துக்கூட்டு பழசு, ஆனால் அது அவள் பள்ளிக்கூடத்து மொழி. அடுத்த வரியில் 'ஹாய்ஸ்ஃப்ராவ்' என்ற சொல். அதற்கு இன்றைய டச்சில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்று பொருள். அந்தக் காலத்தில் மனைவி. இல் என்றால் வீடு, அதனால் மனைவி இல்லாள் என்று நான் சொன்னதும், "ரெண்டும் ஒரே சொல்லா!" என்று நிமிர்ந்தாள். கூட வந்த சித்தப்பா பிள்ளைகள் அடுத்த கல்லுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இந்தக் கரை நெடுகிலும் டச்சு, டேனிஷ், ஜெர்மன், லத்தீன், போர்த்துகீசியம் என்று கற்கள் கிடக்கின்றன. தினமும் அவற்றைக் கடந்து போகிறவர்களுக்கு அந்த மொழிகள் தெரியாது. நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். ஊரில் அவர்கள் கேட்கிறவர்களாக மட்டும் இல்லாமல் சொல்கிறவர்களாகவும் இருக்கக்கூடிய இடம் இது.

பழவேற்காட்டிலிருந்தே தொடங்குங்கள். சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. காரில் போகலாம். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம். ஊருக்குள் "டச்சுக் கல்லறை எங்கே?" என்று கேட்டால் போதும். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், இங்கே 1613இல் கெல்த்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். கோட்டை இருந்த இடத்தில் இப்போது மேடும் முள்ளும்தான். கல்லறைத் தோட்டம் தப்பித்து நிற்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். இரு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு முழு எலும்புக்கூடுகள், கூடவே மணற்கடிகாரமும் மண்டை ஓடும். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கு மிகவும் பிடிப்பது அந்த வாசல்தான். காலம் ஓடுகிறது, நீயும் ஒருநாள் இங்கே வருவாய் என்று சொல்வது அந்தக் காலத்து ஐரோப்பியக் கல்லறைக் கலையில் வழக்கம். உள்ளே குடும்பச் சின்னங்கள் பொறித்த பலகைக் கற்கள், ஓரம் முழுக்கக் கொடியும் பூவும். கொஞ்ச நேரம் அந்தக் கொடிகளைப் பாருங்கள். அவற்றைச் செதுக்கியது நம் ஊர் உளி என்று எனக்குத் தோன்றும். எழுத்தைப் பார்த்துக் கொத்தியிருப்பார்கள், கொடியைக் கை தானாகவே போட்டிருக்கும்.

பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். இந்தக் கற்களின் கீழே படுத்திருப்பவர்கள் துணி வியாபாரம் மட்டும் செய்யவில்லை. 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையைப் பஞ்சமும் போரும் வாட்டிய ஆண்டுகளில், ஆயிரக்கணக்கான நம் மக்களை அடிமைகளாக வாங்கிப் படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். அப்படிப் போனவர்களுக்கு எங்கும் கல் கிடையாது. இதைச் சொல்லாமல் அந்த அழகான கற்களை மட்டும் காட்டிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. என் மகள் பள்ளியில் திரும்பிப் போய்ச் சொன்ன கதையும் அதுதான்.

சதுரங்கப்பட்டினம் சென்னைக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. மாமல்லபுரம் போகிறவர்கள் இன்னும் அரை மணி நேரம் போனால் போதும். கோட்டைக்குள்ளேயே கல்லறைகள். அந்தப் பகுதி பூட்டியிருந்தால் காவலாளியிடம் பொறுமையாகக் கேளுங்கள். கற்களின் வேலைப்பாடு பழவேற்காட்டுக்குக் குறைந்ததல்ல, கூட்டமும் இருக்காது.

தரங்கம்பாடிக்கு ஒரு முழு நாள் வேண்டும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குப் பக்கம்தான். தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620இல், டேனிஷ்காரர்கள் வந்து டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளே சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலையில் வந்திறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அந்த ஆலயத்தை 1718இல் திறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அவர் இறந்தபோது வயது 36. டென்மார்க்கில் வளரும் பிள்ளைகள் இந்த ஊர்க் கல்லறைகளில் 'ஹேர் வீலர்' என்ற தொடரைத் தேடட்டும். 'இங்கே இளைப்பாறுகிறார்' என்று பொருள்.

இனி, கல்லைப் படிப்பது எப்படி. இதுதான் முக்கியம், இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

நான் முதல் தடவை போனது நண்பகல். வெயில் நேர் உச்சியில் இருந்தால் எழுத்தும் கல்லும் ஒரே நிறமாகிவிடும். எடுத்த படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நான்கரைக்கு மேல் போங்கள். சாய்வான வெயில் எழுத்தின் ஓரத்தில் நிழல் போடும், தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். மேகமூட்டமாக இருந்தால் கைபேசி விளக்கைக் கல்லோடு கல்லாக, பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். லேசாகத் தெளித்தால் குழியில் ஈரம் தங்கி எழுத்து கறுக்கும். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கல்லில் படக் கூடாது. சாக்பீஸ், மாவு, எண்ணெய், எலுமிச்சை, கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். பாசியைச் சுரண்டினால் அதோடு கல்லின் மேல்தோலும் வந்துவிடும். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அது குற்றமும்கூட.

பழைய டச்சுக் கற்களில் இன்றைய எழுத்துக்கூட்டு இருக்காது, ஆண்டைக் குறிக்கும் 'யார்' என்ற டச்சுச் சொல்லும் வேறு மாதிரி எழுதியிருக்கும். சத்தமாகப் படித்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். 'ஓப்பர்கோப்மன்' என்றால் தலைமை வணிகர், 'ஓண்டர்கோப்மன்' அவருக்குக் கீழே. வயதைச் சில கற்களில் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். குழந்தைகளின் கல்லில் அந்த நாள் கணக்கைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும். மாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. 8 என்ற எண்ணோடு 'பெர்' என்று இருந்தால் ஆகஸ்ட் என்று எழுதிவிடாதீர்கள். லத்தீனில் 'ஒக்டோ' என்றால் எட்டு, ஆகவே அது அக்டோபர். 7 செப்டம்பர், 9 நவம்பர். டிசம்பருக்குப் பத்து, அதை ரோம எண்ணில் பெருக்கல் குறி போல் போட்டிருப்பார்கள்.

ஐரோப்பியக் கற்களோடு நின்றுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். பழைய கிறிஸ்தவச் சபைகளின் கல்லறைத் தோட்டங்களில், மூலையில், தமிழ்க் கற்கள் இருக்கும். நம்மில் பலருக்கு அவற்றைப் படிப்பதுதான் கடினம். பழைய கற்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, குறில் நெடில் கொம்பு ஒன்றாகவே இருக்கும், காலும் ரகரமும் வேறுபடாது. ஆண்டைத் தமிழ் எண்ணில் பொறித்திருந்தால் இப்படி வரும்: ௲௮௱௪௰௫. ஆயிரம், எட்டு நூறு, நாற்பது, ஐந்து, அதாவது 1845. அதில் ௮ என்பதை 'அ' என்றும் ௫ என்பதை 'ரு' என்றும் படித்துக் குழம்பியவர்கள் அநேகம். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருடச் சுழற்சியை நினைவில் வையுங்கள். குரோதி என்றால் 1844ஆகவும் இருக்கலாம், 1904ஆகவும் இருக்கலாம். கல்லின் மொழியையும் எழுத்தையும் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் சொந்த ஊராக இருப்பவர்களுக்கு மீசான் கற்கள், அதாவது முஸ்லிம் கல்லறைகளில் நடும் கற்கள், இருக்கின்றன. அரபு எழுத்து, ஹிஜ்ரி ஆண்டு. அங்கே பள்ளிவாசலில் முதலில் அனுமதி கேளுங்கள். எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே படம் எடுக்கலாம் என்பதை அவர்களே சொல்வார்கள்.

கேட்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும். தொல்லியல் துறையின் இடங்களில் காவலாளி. சபைக் கல்லறைகளில் போதகர், அவரைவிட முக்கியமாக, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. எந்தக் கல் எந்தக் குடும்பத்துடையது, எது வெள்ளத்தில் சாய்ந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். கத்தோலிக்க ஊர்களில் உபதேசியாரைப் பாருங்கள். உங்கள் தாத்தா பாட்டியைத் தேடுகிறீர்கள் என்றால், கல்லைவிட அடக்கப் பதிவேட்டில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெயரும் ஏறத்தாழ ஆண்டும் எழுதிய ஒரு தாளோடு போங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் போகாதீர்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள், போக அருமையான நாள். குடும்பங்கள் பூவோடும் மெழுகுவத்தியோடும் வருவார்கள், கேட்டதற்கெல்லாம் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். நிதானமாகப் படிக்க ஜனவரியும் பிப்ரவரியும் நல்லது. பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் இருக்கும் காலமும் அதுதான்.

மூடிய ஷூ போடுங்கள். புல் உயரமான இடங்களில் பாம்பு உண்டு, சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் தடுக்கலாம். "நல்ல காரியத்துக்கு வந்திருக்கிற நேரத்தில் கல்லறைக்கா?" என்று என் அம்மாவும் கேட்டார். வாதாட வேண்டாம். கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாளை வையுங்கள், திரும்பி வந்ததும் குளித்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். எங்கள் வீட்டில் அதோடு சரியாகிவிட்டது, மறுவருடம் அம்மாவே பேத்தியோடு கிளம்பினார்.

கடைசியாக, திரும்பி வந்தபின் செய்ய வேண்டியது. கல் அங்கே இருந்தாலும் அதைப் பற்றிய காகிதம் பெரும்பாலும் நாம் வாழும் நாடுகளில்தான் இருக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் நெதர்லாந்தின் டென் ஹாக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில், பெரும்பகுதி ஸ்கேன் செய்து இணையத்திலும் கிடைக்கின்றன. தரங்கம்பாடி அரசாங்கத் தாள்கள் கோபன்ஹேகனில். சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதிய கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தில். மதராஸ் மாகாணத்து ஐரோப்பியரின் அடக்கப் பதிவுகள் 1698 தொடங்கி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். மதராஸ் அரசு 1905இல் வெளியிட்ட கல்லறை எழுத்துகளின் பட்டியலும் இணையத்தில் இலவசம். பயணத்துக்கு முன்பே அதை இறக்கிக்கொண்டால், இன்று பாதி அழிந்த வரியை அன்று எப்படிப் படித்தார்கள் என்று கல்லருகே நின்றே ஒப்பிடலாம்.

நீங்கள் எடுத்த படங்களில் தெளிவானதை அச்சுப் போட்டு, கல்லில் இருந்ததை அப்படியே ஒரு தாளில் எழுதி, கீழே தமிழில் பொருளும் எழுதி, கதவைத் திறந்துவிட்ட காவலாளிக்கோ கோயில்பிள்ளைக்கோ தபாலில் அனுப்புங்கள். நாங்கள் ஒரு சபைக்கு அப்படி அனுப்பினோம். அடுத்த முறை போனபோது அந்தத் தாள், பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்லறைத் தோட்டத்துச் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டியிருந்தது. வருகிறவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுகிறேன் என்றார் கோயில்பிள்ளை.