போர்த்தொடர்களின் படை இழப்புகளையும் திருப்புமுனைகளையும் ஒப்பிடும் முறை

எண்களை அருகருகே வைப்பதற்கு முன், ஒவ்வொரு எண்ணும் யாரைக் கணக்கில் கொள்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 1916 ஜூலை 1 அன்று, முதல் உலகப் போரில் பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில், பிரிட்டிஷ் படை இழந்தவர்கள் 57,470 பேர். ஆனால் அவர்களுள் இறந்தோர் 19,240 பேர் மட்டுமே, எஞ்சியோரில் பெரும்பாலோர் காயமடைந்தவர்கள். ஒரு போரின் மொத்த இழப்பை இன்னொரு போரின் உயிரிழப்போடு ஒப்பிடுவதுதான் மிகப் பரவலான பிழை. மாண்டவர்களுக்கும் அது நியாயம் செய்வதில்லை.

அடுத்து, காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். 1812-இல் ரஷ்யாவுக்குள் நுழைந்த நெப்போலியனின் படை, கடுங்குளிர் தொடங்குமுன்பே நோயாலும் பசியாலும் படையை விட்டு ஓடியவர்களாலும் பெருமளவு கரைந்துவிட்டது. போர்க்கள இழப்பை மட்டும் எண்ணுபவருக்கு இந்தச் சரிவு தென்படாது. எதிரியின் இழப்பாக ஒரு தரப்பு அறிவிக்கும் எண்ணைவிட, அந்த எதிரியே தன் நிர்வாகத் தேவைக்காக வைத்திருந்த பதிவேட்டை நம்புங்கள்.

திருப்புமுனையை இழப்பின் அளவு தீர்மானிப்பதில்லை. 1942 ஜூனில் பசிபிக் கடலின் மிட்வே தீவருகே அமெரிக்காவுடன் நடந்த போரில் ஜப்பான் இழந்தது ஏறத்தாழ 3,000 பேரை. ஆனால் அங்கே மூழ்கிய தன் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை விரைவில் ஈடுசெய்ய அதனால் இயலவில்லை. அதற்கு மாறாக, சோமின் முதல் நாள் அத்தனை பேரைப் பலிகொண்டும் போரின் போக்கை மாற்றவில்லை. ஆகவே ஒவ்வொரு போருக்கும் முன்னும் பின்னும் எத்தரப்பால் தாக்குதலைத் தொடங்க முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டாலின்கிராடில் 1943 பிப்ரவரி 2-இல் நிகழ்ந்த சரணடைதலைவிட, ஜெர்மானியரின் ஆறாம் படையைச் சுற்றிவளைக்கும் சோவியத் தாக்குதல் தொடங்கிய 1942 நவம்பர் 19-ஐயே நான் திருப்புமுனையாகக் கொள்வேன்.