ரெண்டு வயசு வாலோடு டிபனுக்குப் போக

ஞாயிறு காலை 8.30க்கு மட்டும் ஹோட்டலுக்குப் போகாதீர்கள். இடத்துக்காக நிற்கும்போதே பிள்ளையின் பொறுமை தீர்ந்துவிடும். நாங்கள் 7 மணிக்கே ஆஜர்.

சுவரோரம் பார்த்து மகளை உள்பக்கம் உட்காரவைப்பேன். சாம்பார் வாளியோடு சப்ளையர் நடக்கும் பக்கம் அவள் கை நீளவே கூடாது. உட்காரும்போதே, "அண்ணே, முதல்ல ஒரு இட்லி, சாம்பார் தனியா கிண்ணத்துல." இட்லி உடனே வந்துவிடும், தோசைக்குத்தான் காத்திருக்க வேண்டும். அதுவரை காலி டம்ளரும் ஸ்பூனும் போதும். தட்டட்டுமே, ஹோட்டலே சத்தம்தான்! போன் கொடுப்பதில்லை.

இட்லியைப் பிய்த்து ஆறவைத்துக் கொடுங்கள். வடையில் முழு மிளகு கிடக்கும், எடுத்துவிடுங்கள். அலுத்துவிட்டால் ஒருவர் கைகழுவும் இடம்வரை நடத்திக் கூட்டிப்போக, மற்றவர் சாப்பிடலாம். சுடச்சுட காபியை அந்த நேரத்தில் சொல்வதுதான் பத்திரம். பில்லைத் தோசை வரும்போதே கேட்டுவிடுவேன்.