உயரம் குறைவா? பிலிப் லாமைப் பார்த்துத் தற்காப்பு ஆடப் பழகுங்கள்

வாரக் கடைசியில் திடலில் ஆள் பிரிக்கும்போது உயரம் குறைவானவரைத் தற்காப்பில் நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஆனால் ஜெர்மனியின் காற்பந்துத் தற்காப்பு ஆட்டக்காரர் பிலிப் லாமின் உயரம் 1.70 மீட்டர்தான். ஜெர்மனிக்காக 113 ஆட்டங்கள், அதில் பெரும்பாலானவை தற்காப்பில், 2014ல் அணித்தலைவராக உலகக் கிண்ணம், இத்தனைக்கும் ஆட்டக்காலம் முழுக்க ஒரு சிவப்பு அட்டைகூட வாங்கியதில்லை. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். சரியான இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பவருக்குக் காலை வாரிவிட வேண்டிய அவசியமே வராது.

யூடியூபில் கோல் தொகுப்பு பார்த்தால் இது பிடிபடாது, அதில் தற்காப்பு ஆட்டக்காரர் தோற்றுப்போகும் நொடி மட்டும்தான் வரும். முழு ஆட்டமாகத் தேடுங்கள். பந்தை விட்டுவிட்டு லாமை மட்டும் பாருங்கள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவர் கோட்டோரமாக நிற்கிறாரா, நடுத் தற்காப்பை ஒட்டி உள்ளே வந்துவிட்டாரா? அந்த நேரத்தில் காட்சியை நிறுத்தி, அடுத்து எந்தப் பக்கம் நகர்வார் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள், அப்புறம் ஓடவிட்டுச் சரிபாருங்கள். கொஞ்சம் அலுப்புதான்.

முதலில் அவர் சறுக்கியதைப் பார்ப்பது நல்லது. 2008 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் துருக்கியின் சப்ரி அவரைத் தாண்டிப் போய்க் கொடுத்த பந்தில்தான் 86வது நிமிடத்தில் ஆட்டம் 2-2 ஆனது. நான்கே நிமிடத்தில் சக ஆட்டக்காரர் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கரோடு பந்தைக் கொடுத்து வாங்கி வெற்றி கோலை லாமே அடித்தார், நம் சிங்கப்பூரில் அப்போது விடியற்காலை. இறுதியாட்டத்தில் மறுபடி சறுக்கல்: பின்னாலிருந்து வந்த டோரஸ் அவரை முந்திப்போய் அடித்த கோலில் ஸ்பெயின் 1-0 என்று ஜெயித்தது. இரண்டு கோலையும் மெதுவாக ஓடவிட்டு, ஆளை நழுவவிடும் நேரத்தில் அவர் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனியுங்கள். என்னைக் கேட்டால் அவருடைய நல்ல ஆட்டங்களைவிட இந்த இரண்டு கோலில்தான் பாடம் அதிகம்.

இதைச் செய்து பார்க்க வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குக் கீழே இருக்கும் தெருக் காற்பந்துத் திடல் போதும். நண்பர் பந்தோடு உங்களை நோக்கி வரட்டும், நீங்கள் பந்தைப் பறிக்கக் கூடாது. ஒரு காலை முன்வைத்து, உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்கி, அவரை வேலிப்பக்கம் ஒதுக்குங்கள். கோலை நோக்கித் திரும்ப முடியாமல் அவர் நின்றுவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. பாயாதீர்கள், பாய்ந்து ஏமாந்தால் உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. இது கை வந்த பிறகு, பந்து ஒவ்வொரு முறை கைமாறும்போதும் தோளுக்குமேல் திரும்பிப் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்கும் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வீணாக ஓடுகிறவருக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கிவிடும், சும்மா நின்று பார்ப்பதற்குச் செலவே இல்லை.

வலக்கால்காரரான உங்களை இடப்பக்கம் ஆடச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். லாமும் வலக்கால்காரர்தான். அவருடைய குழுவான பயர்ன் மியூனிக்கில் அப்போது பக்கவாட்டுத் தற்காப்புக்கு லிசராசுவும் சான்யோலும் இருந்ததால் 2003ல் ஸ்டுட்கார்ட் குழுவுக்கு இரவலாகப் போய், அங்கே இடப்பக்கத்தில் நிலைத்தார். இதில் ஒரு வசதி, எதிராளி உள்ளே வெட்டி வரும்போது உங்கள் பலமான கால் அந்தப் பக்கமே இருக்கும். தாக்குதலிலும் அப்படித்தான். 2006 உலகக் கிண்ணத் தொடக்க ஆட்டத்தின் 6வது நிமிடத்தில் இடப்பக்கமிருந்து உள்ளே வந்து கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக வலக்காலால் அடித்தாரே, அந்தக் கோலைப் பாருங்கள். 2005ல் முழங்கால் தசைநார் அறுந்தவர் அந்தப் போட்டியில் ஜெர்மனியின் எந்த ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. கோட்டோரமாக ஓடி இடக்காலால் பந்து தூக்கிக் கொடுப்பதுதான் சிரமம், அதைத் தனியாகப் பழகியே ஆக வேண்டும்.

கடைசியாக 2014. பயிற்றுவிப்பாளர் குவார்டியோலா பயர்னில் அவரை நடுத்திடலுக்கு மாற்றியிருந்தார், உலகக் கிண்ணத்தையும் லாம் அங்கேதான் தொடங்கினார். அல்ஜீரியா ஆட்டத்தில் வலப்பக்கத் தற்காப்பில் ஆடிய முஸ்தஃபி காயமடைந்ததும் வலப்பக்கத் தற்காப்புக்குத் திரும்பி, இறுதியாட்டம்வரை அங்கேயே இருந்தார். அல்ஜீரியா ஆட்டத்தையும் அதற்கடுத்த பிரான்ஸ் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி நிற்கிறார் என்பது புரியும். இப்போதைய ஆட்டக்காரர்களை நேரலையில் இதேபோலப் பார்க்க ஆசையென்றால், ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவின் சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டங்கள் இங்கே இரவு 9.30க்குத் தொடங்கும், அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் 10.30 ஆகிவிடும்.