விதிகளை எழுதும்முன் யாரோடு உட்கார வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடற்ற பெண்களுக்குத் தங்குமிடம் தொடங்க நினைக்கும் சகோதரிகள் என்னிடம் முதலில் பணத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது: "காலையில் அவர்களை எத்தனை மணிக்கு வெளியே அனுப்புவீர்கள்?"

வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க் நகராட்சி ஏற்பாடு செய்த ஒரு தங்குமிடத்தில் காலை 8 முதல் மாலை 5.30 வரை யாரும் உள்ளே இருக்க முடியாமல் இருந்தது. கணவன் மனைவியும் சேர்ந்து தங்க முடியவில்லை. தங்கியிருந்தவர்களே வழக்குப் போட்டார்கள். அந்த விதிகள் மனித மாண்புக்கும் அந்தரங்கத்துக்கும் எதிரானவை என்று 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்முடையது சின்ன விடுதி, நகராட்சி கொடுக்கும் மாற்று வீடு அல்ல, சரி. ஆனாலும் அந்தத் தீர்ப்பைக் குழுவில் எல்லோரும் படியுங்கள்.

அப்புறம் தங்க வந்திருக்கும் பெண்களோடு உட்காருங்கள். ஒவ்வொரு விதியையும் எடுத்து, இது யாரைக் காப்பாற்றுகிறது என்று கேளுங்கள். இரவில் கேட்டைப் பூட்டுவது அடித்துத் துரத்திய ஆளிடமிருந்து காப்பாற்றுகிறது, இருக்கட்டும். ஆனால் இரவுக் காவல் வேலைக்குப் போகிறவள் விடியற்காலையில் வந்தால் திறக்க ஆள் வேண்டும், அவள் பகலில் தூங்கக் கட்டிலும் வேண்டும். வளர்ந்த பையனைச் சேர்க்க மாட்டோம் என்ற விதி மிகக் கொடியது. மகனைத் தெருவில் விட மனமில்லாமல் தாய் அடிக்கிறவனிடமே திரும்பிப் போவாள். ஓர் அறையையாவது குடும்பத்துக்கென்று ஒதுக்குங்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றுங்கள், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஜூலுப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வருவார்கள். பிரியாணி கொண்டுவரும் நன்கொடையாளர்கள் படம் எடுக்கக் கேட்டால், அண்டாவை எடுக்கச் சொல்லுங்கள். முகங்கள் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

முன்பு தங்கிப் போன பெண்கள் இருவருக்காவது நிர்வாகக் குழுவில் வாக்குரிமையுடன் இடம் கொடுங்கள். கூட்டத்துக்கு வர டாக்ஸிக் காசையும் கொடுத்துவிடுங்கள்.

பதிவு வேலை எளிது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையில் விண்ணப்பியுங்கள், கட்டணம் கிடையாது. நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கோடு ஆண்டறிக்கை அந்தத் துறைக்குப் போக வேண்டும். அந்தக் கணக்கைத் தங்கியிருக்கும் பெண்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.