பிரித்த கீபோர்டில் கட்டைவிரலுக்கு இடம் பார்ப்பது எப்படி?

இரண்டாகப் பிரிந்த கீபோர்டுக்கு மாறியதும் தோள் விரிந்தது, மணிக்கட்டு நேரானது, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சில வாரம் கழித்து என் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்க ஆரம்பித்தது. அதுவரை ஸ்பேஸ் பாரை மட்டும் தட்டிக்கொண்டிருந்த விரலுக்கு, இந்தக் கீபோர்டில் கட்டைவிரலுக்கென்றே இருந்த தனிக் கீகளால் ஒரே நாளில் ஐந்து வேலை கொடுத்திருந்தேன். நீங்கள் அந்த வலியைப் பார்க்காமலே தொடங்கலாம்.

முதல் படி: கீபோர்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். தோளைத் தளரவிட்டு, தட்டச்சு செய்வதுபோல் விரல்களைச் சற்று வளைத்துத் தாள்மேல் கையை வையுங்கள். கட்டைவிரல் தானாக எங்கே படுகிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். அப்புறம், மற்ற விரல்களை அசைக்காமல் கட்டைவிரலை மட்டும் வெளியேயும் உள்ளேயும் நகர்த்துங்கள். இழுப்பு தெரிந்த இடத்தில் நிறுத்தி, வந்த வழியைக் கோடாக வரையுங்கள். வில் மாதிரி வளைந்து வரும். பெரும்பாலான கீபோர்டுகளில் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு 19 மி.மீ. அந்தக் கணக்கில் கோட்டை அளந்தால், உங்கள் கைக்கு எத்தனை கீ எட்டும் என்று தெரிந்துவிடும்.

பிரித்த கீபோர்டு மாடல்களில் எர்கோடாக்ஸில் ஒரு கைக்கு 6 கட்டைவிரல் கீ, கோர்னில் 3, ஃபெர்ரிஸ் ஸ்வீப்பில் 2. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். எட்டாத கீ இருந்தும் பயனில்லை.

இரண்டாம் படி: மற்ற விரல்களை நடுவரிசையில் வைத்தபடி ஒவ்வொரு கட்டைவிரல் கீயையும் அழுத்திப் பாருங்கள். உள்ளங்கை நகர்ந்தால் அது தூரம். விரல் உள்ளங்கைக்கு அடியில் மடங்கினால் அது இன்னும் மோசம் என்பது என் அனுபவம். எட்டிப் பிடிப்பதன் சிரமம் உடனே தெரிந்துவிடும், மடங்குவதோ மாலையில்தான் வலிக்கும். கீபோர்டின் உள்பக்கத்தை உயர்த்திச் சாய்க்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்துவிடுங்கள். சாய்வு மாறினால் விரல் படும் இடமும் மாறும்.

மூன்றாம் படிதான் முக்கியம். ஒரு கீயைத் தட்டிவிட்டு வருவது வேறு, பிடித்துக்கொண்டே இருப்பது வேறு. என்டரைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் பரவாயில்லை, ஒரு நொடியில் முடிந்துவிடும். லேயர் கீயை, அதாவது பிடித்திருக்கும் வரை மற்ற கீகளுக்கு எண், குறியீடு போன்ற வேறு வேலை தரும் கீயை, அப்படி வைத்தால், விரல் நீட்டிய நிலையிலேயே காத்திருக்க வேண்டும். அதனால் பிடித்து வைக்கும் கீ எல்லாம் முதல் படியில் தாளில் வைத்த புள்ளியில்தான் இருக்க வேண்டும். ஸ்பேஸும் அங்கேயே வேண்டுமே என்றால், தட்டினால் ஸ்பேஸ், பிடித்தால் லேயர் என ஒரே கீயில் இரண்டையும் வைக்கலாம். இத்தகைய பல கீபோர்டுகளுக்குள் ஓடும் க்யூஎம்கே (QMK) என்ற மென்பொருளில், தட்டலா பிடித்தலா என்று பிரிக்கும் நேரம் இயல்பாக 200 மில்லிசெகண்ட். ஸ்பேஸ் அடிக்கும்போது லேயர் வந்துவிட்டால் அதைக் கொஞ்சம் கூட்டுங்கள். மற்றொரு கையின் புள்ளியில் ஷிஃப்டை வையுங்கள்.

கீயின் மேல்மூடியான கீகேப்பையும் பாருங்கள். கட்டைவிரல் நுனியால் அல்ல, பக்கவாட்டால்தான் அழுத்துகிறது. கீகேப் விளிம்பு குத்தினால் அதைக் கழற்றி 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

ஒரு மாற்றம் செய்தால் ஒரு வாரமாவது பழகிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டைவிரல் கீ ஏதாவது மிஞ்சினால் காலியாகவே விடலாம். என் கீபோர்டில் இரண்டு கீ அப்படித்தான் இருக்கின்றன.