டேங்க் நிறையத் தண்ணீர், குழாயில் மட்டும் காற்று

டேங்க் கழுவிய மறுநாள் எங்கள் வேளச்சேரி வீட்டில் இது தவறாமல் நடக்கும். மொட்டை மாடியில் டேங்க் நிரம்பியிருக்கும். பாத்ரூம் குழாயைத் திறந்தால் "புஸ்" என்று ஒரு பெருமூச்சு. இரண்டு முறை பிளம்பரைக் கூப்பிட்டேன். இரண்டாம் முறை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன்.

இதுதான் ஏர் லாக். டேங்க் காலியாகும்போது குழாய்க்குள் காற்று புகுந்து, குழாய் மேடாக வளையும் இடத்தில் தங்கிவிடுகிறது. தண்ணீர் 10 மீட்டர் உயரம் நின்றால்தான் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். மேல் மாடிக் குழாய்க்கும் டேங்குக்கும் 3 மீட்டர்கூட இராது. அதனால்தான் கீழ் வீட்டில் கொட்டும், நமக்கு மட்டும் அடைக்கும்.

முதலில் மாடிக்குப் போய் கேட் வால்வு (டேங்கிலிருந்து இறங்கும் குழாயை மூடித் திறக்கும் வால்வு) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், கழுவ வந்தவர் மூடிவிட்டுப் போவது சகஜம்.

அடுத்து கீசர் ஸ்விட்சை அணையுங்கள். தண்ணீர் இல்லாத கீசரில் காயில் கருகிவிடும். வெந்நீர்க் குழாயில் சீராகத் தண்ணீர் வரும்வரை அதைப் போடவே வேண்டாம்.

இனி பாத்ரூம் குழாய்களை எல்லாம் முழுக்கத் திறந்து வையுங்கள். ஷவரைவிட, பக்கெட்டுக்கு வைத்திருக்கும் தாழ்வான குழாய்தான் முக்கியம்; அங்கேதான் அழுத்தம் அதிகம். கால் மணி நேரம் பொறுங்கள். விட்டு விட்டுத் துப்பினால் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம்.

அசையவில்லையா? சரி, ஹோஸ் பைப்பை எடுங்கள். நிறைய அடுக்குமாடிகளில் சமையலறைக்கு மெட்ரோ வாட்டர், பாத்ரூமுக்கு போர் வாட்டர் என்று இரண்டு லைன், இரண்டு டேங்க். சமையலறைக் குழாயில் ஒரு முனை, அடைத்த குழாயில் மறுமுனை. இரண்டிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள். பாத்ரூம் குழாயை முதலில் திறந்து, அப்புறம் சமையலறைக் குழாயைத் திறங்கள். தண்ணீர் பின்னோக்கி ஏறி, காற்றை டேங்குக்கே தள்ளும். போர் டேங்க் பாதியாகவும் மெட்ரோ டேங்க் நிறைந்தும் இருந்தால் வேலை சுலபம். மாடியில் ஒருவரை நிறுத்துங்கள். டேங்குக்குள் "களக் களக்" என்று கேட்டால் முடிந்தது. இரண்டு குழாய்களையும் மூடிவிட்டு ஹோஸைக் கழற்றுங்கள், இல்லையென்றால் குளியல் நமக்குத்தான்.

அடைத்தது சமையலறை லைன் என்றால் இதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள். குடிக்கிற தண்ணீரில் போர் வாட்டர் கலந்துவிடும். சிலர் வாயால் உறிஞ்சுவார்கள். எனக்கு மனசு வராது.

முதலில் வரும் தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தால் பயப்பட வேண்டாம். டம்ளரில் பிடித்து வையுங்கள். காற்றுக் குமிழிதான், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்.

மாதாமாதம் இந்தத் தொல்லை என்றால் கேட் வால்வுக்கு அடுத்து ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு ஏர் பைப் வைக்கச் சொல்லுங்கள். அது டேங்கின் நீர்மட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும், தாழ்ந்தால் தண்ணீர் அது வழியாகவே கொட்டும். நுனியைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள்.