கண் ஊசிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில் இனிப்புநீர்க்காரர்கள் இருவர் சேர்ந்தால் கண் ஊசிப் பேச்சு வந்துவிடும். ஒருவருக்கு விலை குறைந்த அவாஸ்டின், மற்றவருக்கு ஐலியா. விலையில் பெரிய வித்தியாசம். கூடின விலைதான் உசத்தி என்று அங்கேயே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

இந்த இரண்டும், லுசென்டிஸ் என்ற இன்னோர் ஊசியும் செய்கிற வேலை ஒன்றுதான். விழித்திரையின் நடுப்பகுதியில் ரத்தக்குழாய்களைக் கசியவைக்கும் புரதத்தை அடக்கி வீக்கத்தை வடியவைக்கின்றன. மூன்றையும் இனிப்புநீரால் இந்த வீக்கம் வந்த 660 பேரிடம் நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதன் மொத்தச் சராசரியில் ஐலியா முன்னால் நின்றது. பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரிய தவறு இதுதான்.

உள்ளே பாருங்கள். தொடக்கத்தில் பார்வை 6/12 (நல்ல பார்வைக்காரர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நன்றாக இருந்தவர்கள் ஓராண்டில் பார்வை அட்டையில் கூடுதலாகப் படித்த எழுத்துகள்: ஐலியாவில் 8, அவாஸ்டினில் 7.5, லுசென்டிஸில் 8.3. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 6/15 அல்லது அதைவிட மோசமாக இருந்தவர்களுக்கு அதே வரிசையில் 18.9, 11.8, 14.2. அந்த ஆய்வின் அட்டையில் ஒரு வரிக்கு 5 எழுத்து. ஆக ஐலியாவுக்கும் அவாஸ்டினுக்கும் ஒரு வரிக்கு மேல் இடைவெளி. பக்கத்து வீட்டுக்காரர் ஊசியைப் பற்றிச் சொன்னால், முதல் ஊசிக்கு முன் அவர் பார்வை எவ்வளவு என்று கேளுங்கள். அது தெரியாத ஒப்பீடு வெறும் அரட்டை. அவருக்கு வயதால் வரும் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) நோய் என்றால் கணக்கே வேறு.

ஓராண்டு முடிவை மட்டும் பிடித்துத் தொங்குவதும் சரியில்லை. இரண்டாம் ஆண்டில் மோசமான பார்வைக்காரர்களிடம் ஐலியா அவாஸ்டினை முந்தியே நின்றது. லுசென்டிஸோடு இருந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது.

“முதலில் அவாஸ்டின், போதாவிட்டால் ஐலியா” என்ற வழியை 2022இல் வெளிவந்த ஆய்வு சோதித்தது. தொடக்கத்திலிருந்தே ஐலியா போட்டவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு ஆண்டு முடிவில் பார்வை ஏறக்குறைய ஒன்றுதான். அவாஸ்டினே போதும் என்பதற்கு இதைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஆனால் அவாஸ்டினில் தொடங்கிய கண்களில் 70 விழுக்காடு ஐலியாவுக்கு மாறின. அதை யாரும் சொல்வதில்லை.

“புற்றுநோய் மருந்தைக் கண்ணில் போடுகிறார்களே” என்ற பயமும் உண்டு. அவாஸ்டின் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்துதான். அங்கே உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 மில்லிகிராம் ஏற்றுவார்கள், சிலருக்கு அதற்கும் மேல். கண்ணுக்குப் போவது மொத்தமே 1.25 மில்லிகிராம். கவனிக்க வேண்டியது வேறு: கண்ணுக்காகச் சிறு சிறு ஊசிகளாகப் பிரிக்கும்போது கிருமி சேராமல் இருக்கிறதா என்பது.

செலவைப் பேசும்போது ஓர் ஊசியின் விலையைச் சொல்லிப் பயனில்லை. 2015 ஆய்வில் முதல் ஆண்டில் மட்டும் பெரும்பாலும் 9, 10 ஊசிகள் போட்டார்கள். வபிஸ்மோ என்ற புதிய ஊசி சிலருக்கு 16 வாரம் வரை இடைவெளி தருகிறது, எல்லாருக்கும் இல்லை. மானியமும் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் போக ஓராண்டுக்குக் கையிலிருந்து எவ்வளவு என்று மருத்துவமனைக் கவுன்டரில் கேளுங்கள். அப்புறம், அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால், எந்த ஊசி என்ற பேச்சுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.